கண் மஞ்சளாகாத செங்கமாரி

ஊரில் ஒருவருக்குச் செங்கமாரி என்றால் டொக்டருக்கு முன்னமே அறிவுரை வந்து சேர்ந்துவிடும். "கண்ணைக் காட்டு பாப்பம்." "மூத்திரம் மஞ்சளாப் போகுதோ?" "எண்ணெய்ச் சாப்பாட்டைக் கண்ணாலயும் பாக்காத." "கீழ்க்காய்நெல்லியை வேரோட அரைச்சு மோரில கலந்து விடியவெள்ளன குடி." கடைசியில் தீர்ப்பும் வரும்: "இதுக்கு இங்கிலீசு மருந்து சரிவராது." நாங்கள் எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

இதைப் படிக்காத சனத்தின் கதை என்று தள்ளிவிடுவது லேசு. ஆனால் இதில் பாதி சரி. செங்கமாரி என்பது ஓர் அடையாளத்தின் பெயர். ஈரல் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் குருதியில் தேங்கி, கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. அப்படி ஈரலைத் தாக்குபவற்றில் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. இவற்றில் ஏயும் ஈயும் அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருபவை. பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். பியும் சியும் வேறு சாதி. சி குருதி வழியாக வருகிறது. பி குருதி வழியாகவும், உடலுறவு வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருகிறது. (டி, பி இருக்கிற உடம்பில் மட்டுமே பிழைக்கும்.) பியும் சியும் நாட்பட்டுப் போனால் இருபது, முப்பது வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் ஈரலில் குடியிருக்கும். கண் மஞ்சளாகும் நேரத்தில் பலருக்கு ஈரல் சுருங்கியிருக்கும், அல்லது புற்றுநோய் வந்திருக்கும்.

ஆக, "கண் மஞ்சளானால் செங்கமாரி, மஞ்சள் போனால் சுகம்" என்ற விளக்கம் ஏக்கும் ஈக்கும் ஓரளவு பொருந்துகிறது. பிக்கும் சிக்கும் அதே விளக்கம் ஆளைக் கொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, பியோடு வாழ்பவர்கள் 25 கோடி 40 இலட்சம் பேர், சியோடு வாழ்பவர்கள் 5 கோடி பேர் என்று கணக்கிட்டது. பி இருப்பவர்களில் தனக்கு அது இருக்கிறதென்று பரிசோதித்து அறிந்தவர்கள் 100க்கு 13 பேர்தான். மருந்து எடுப்பவர்கள் 100க்கு 3 பேர்.

இந்த இடைவெளிக்குக் காரணம் நோயாளிகளின் அறியாமை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். வரலாறு அப்படிச் சொல்ல விடவில்லை. மருத்துவத்துக்கே கனகாலம் இது விளங்கவில்லை. விளங்கிய பிறகும் கதவுகள் தானாகத் திறக்கவில்லை.

டொக்டர்மாருக்கும் ஒரே பெயர்தான் இருந்தது

1883இல் ஜேர்மனியின் பிறேமன் நகரத்தில், ஒரு கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர் 1,289 பேருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காலத்துத் தடுப்பூசியில் மனிதரிடமிருந்து எடுத்த நிணநீர் சேர்ந்திருந்தது. அடுத்த மாதங்களில் 191 பேருக்குச் செங்கமாரி வந்தது. வேறு தொகுதி மருந்து ஏற்றிய தொழிலாளருக்கு வரவில்லை. லூர்மன் என்ற வைத்தியர் 1885இல் இதைப் பதிவு செய்தார். தண்ணீரால் மட்டுமல்ல, ஊசியாலும் செங்கமாரி வரும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் இது முக்கியமானது.

அந்தச் சாட்சியை உலகம் சரியாகக் கேட்கவில்லை. 1942இல் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டது. அதில் மனிதக் குருதி நீர் கலந்திருந்தது. ஏறத்தாழ 50,000 பேர் செங்கமாரியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல வருடம் கழித்து அவர்களுடைய குருதியைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், அது பி என்றும், தொற்று வாங்கியவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகமாக இருக்கலாம் என்றும் கணக்குப் போட்டார்கள். தொற்றியவர்களில் பெரும்பான்மையானவர்களுக்குக் கண் மஞ்சளாகவே இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பிரித்தானிய வைத்தியர் மக்கலம் 1947இல்தான் இந்த இரண்டுக்கும் ஏ, பி என்று தனிப்பெயர் வைத்தார். பெயர் வந்தது, வைரஸ் கையில் அகப்படவில்லை. அதைத் தேடிய வழியும் சுத்தமானதல்ல. நியூயோர்க்கின் வில்லோபுறூக் என்ற அரச நிலையத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்து சோல் குறுக்மன் என்ற வைத்தியரின் குழு, அவர்களில் சிலருக்கு வேண்டுமென்றே தொற்றை ஏற்றி ஆராய்ந்தது. "எப்படியும் இங்கே அவர்களுக்கு வரத்தான் போகிறது" என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த நிலையத்தைச் சுத்தமாக்குவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. ஏயும் பியும் வேறு வேறு என்ற தெளிவுக்கு அந்தப் பிள்ளைகளின் உடம்பும் விலையாகப் போனது.

பி அகப்பட்டது வேறொரு தேடலில். பறூக் புளும்பேர்க் மனிதர்களின் குருதிப் புரதங்கள் எப்படி ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை குருதி ஏற்றிய ஒரு நோயாளியின் குருதி நீர், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடைய குருதியோடு மட்டும் விசித்திரமாக வினைபுரிந்தது. 1965இல் அதற்கு "அவுஸ்திரேலியா அன்டிஜென்" என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். அது பி வைரஸின் மேலுறை என்பது 1960களின் கடைசியில் தெளிவானது. அதற்குப் பிறகுதான் இரத்த வங்கிகள் குருதியைச் சோதிக்கத் தொடங்கின. தடுப்பூசி 1981இல் வந்தது. புளும்பேர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த யூலை 28ஐத்தான் இப்போது உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கண்டத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1955 கடைசியில் டெல்லியில் யமுனை வெள்ளம் வற்றியபோது ஆற்றின் ஓட்டம் மாறி, நகரத்துக் கழிவு வாய்க்கால் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் திரும்பிவிட்டது. கண் மஞ்சளான நோயாளிகள் மட்டும் 29,000 பேர் அளவில். கர்ப்பிணித் தாய்மார் மற்றவர்களைவிட அதிகமாகச் செத்தார்கள். எல்லோரும் இதை ஏ என்றே எண்ணினார்கள். 25 வருடம் கழித்து, எடுத்து வைத்திருந்த குருதி மாதிரிகளைச் சோதித்தபோது அது ஏயும் இல்லை, பியும் இல்லை. 1978இல் காஷ்மீரில் இதே மாதிரிப் பரவிய நோயைப் பார்த்த முகம்மது சுல்தான் குரூவும் இது புதிய ஒன்று என்று எழுதினார். 1983இல் சோவியத் ஆய்வாளர் மிகாயில் பலாயன், நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்த நீரைத் தானே குடித்து, நோய் வந்து, தன் மலத்திலேயே வைரஸைக் கண்டார். அதுதான் ஈ. சி அகப்பட்டது அதற்கும் பிறகு, 1989இல்.

அதாவது, நாங்கள் "எல்லாம் செங்கமாரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் ஆய்வுகூடங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

கீழ்க்காய்நெல்லிக்கு வைத்த பரீட்சை

அப்போ கீழ்க்காய்நெல்லி? இதையும் சும்மா விடவில்லை. 1980களில் புளும்பேர்க்கின் பிலடெல்பியா ஆய்வுகூடம், பல நாட்டு வைத்தியங்களில் செங்கமாரிக்குப் பாவிக்கும் மூலிகைகளைத் தேடிப்பார்த்தது. அதில் முன்னுக்கு வந்தது எங்கள் வேலியோரத்துச் செடியின் குடும்பம். 1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், புளும்பேர்க் மூவரும் அதன் சாறு ஆய்வுகூடத்தில் பி வைரஸின் வேலையைத் தடுக்கிறது என்று எழுதினார்கள். அடுத்த வருடம் சென்னையிலிருந்து தியாகராஜனின் குழு, லான்செட் சஞ்சிகையில் மனிதரில் செய்த ஆய்வை வெளியிட்டது. 30 நாள் செடியைக் கொடுத்த 37 பேரில் 22 பேரின் குருதியில் பியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் தூள் கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

ஒரு பரியாரியாரின் மருந்துப் பெட்டியிலிருந்து நேராக லான்செட்டுக்கு! எங்களுக்கும் சந்தோசமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஓர் ஆய்வு சரியா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு: வேறு ஆட்கள் திரும்பச் செய்து பார்ப்பது. 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், 1994இல் நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மீளாய்வும், நாட்பட்ட பிக்கு இது வேலை செய்கிறதென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அப்படியென்றால் ஊரில் குடித்து மாறினவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. ஏ வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதைக் குடித்தாலும், ஒன்றும் குடிக்காவிட்டாலும் மாறும். வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பிகூட 100இல் 95 பேர் அளவில் தானாக நீங்கிவிடும். மாறினது உண்மை, மாற்றினது எது என்பதில்தான் பிழை. சிக்கல் மற்ற ஐந்து பேரில் இருக்கிறது. குழந்தையில் தொற்றினால் கணக்கு தலைகீழ்: பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய பிள்ளைகளில் 100க்கு 90 பேர் அளவில் நாட்பட்ட நோயாளிகள் ஆகிறார்கள். இவர்களுக்கும் கண் வெள்ளையாகத்தான் இருக்கும். செடி "வேலை செய்துவிட்டது" என்று வீடு நிம்மதி அடையும். யாரும் திரும்பக் குருதி பரிசோதிக்கமாட்டார்கள்.

எகிப்து: அரசாங்கம் போட்ட ஊசி

நோயாளிகள் ஆஸ்பத்திரியை நம்பாததுதான் தடை என்று நினைப்பவர்கள் எகிப்தின் கதையைப் படிக்கவேண்டும். அங்கே சனம் நம்பி வரிசையில் நின்றது. அதனால்தான் நோய் வந்தது.

நைல் வாய்க்கால்களில் இறங்கி வேலை செய்யும் கமக்காரரின் தோலுக்குள்ளால் பில்ஹார்சியா புழு உள்ளே போகும். மூத்திரத்தில் இரத்தம் போவது கிராமங்களில் சாதாரணமாக இருந்தது. 1950களிலிருந்து 1980கள் வரை எகிப்து அரசாங்கம் இதற்கு எதிராகப் பெரிய இயக்கம் நடத்தியது. மருந்து, டார்டார் எமெட்டிக் என்ற அன்டிமனி உப்பு. அதை நாளத்தில் ஊசியால் ஏற்ற வேண்டும், ஓர் ஆளுக்கு 12 முதல் 16 ஊசிகள். கண்ணாடிச் சிரிஞ்சுகளை ஒருவருக்குப் போட்டு, அவசரமாக அவித்து, அடுத்தவருக்குப் போட்டார்கள். வரிசை நீளம், அவிக்க நேரம் போதாது. சி என்ற ஒரு வைரஸ் இருப்பது 1989 வரை யாருக்கும் தெரியாது.

1980களில் வாயால் எடுக்கும் குளிசை வந்ததும் ஊசி நின்றது. 2000ஆம் ஆண்டு லான்செட்டில் வந்த ஆய்வு ஒன்று, எந்த வயதுக்காரருக்கு, எந்தப் பகுதியில் அந்த ஊசி அதிகம் போட்டார்களோ அங்கேயே சி அதிகம் என்று காட்டியது. 2008இல் நடந்த தேசிய அளவீட்டில், 15 முதல் 59 வயது வரையானவர்களில் 100க்கு 14.7 பேரின் குருதியில் சியின் தடயம் இருந்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

இவ்வளவு பேருக்கு இருந்தும் தனக்கு இருப்பது தெரியாதவர்களே அதிகம். பலர் அறிந்துகொண்டது வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகச் செய்த மருத்துவப் பரிசோதனையில். முடிவு 'தகுதியில்லை' என்று வந்தால் வேலை போச்சு, கடன் மிச்சம். வெளியில் சொன்னால் கலியாணமும் சிக்கல். ஆகவே அடுத்த தரம் ஒருவர் பரிசோதனைக்கு ஏன் போகவேண்டும்? மருந்தும் ஆறுதல் தரவில்லை. இன்டர்பெரோன் ஊசியை 24 முதல் 48 கிழமை போடவேண்டும். காய்ச்சலும் சோர்வும் மனச்சோர்வும் கூடவே வரும். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கே பலித்தது.

2013 டிசம்பரில் சோபொஸ்புவிர் என்ற குளிசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்துகளோடு சேர்த்து 12 கிழமை எடுத்தால் மிகப் பெரும்பாலோருக்குச் சி முற்றாக நீங்கும். விலை 84,000 டொலர், ஒரு குளிசை 1,000 டொலர். எகிப்து பேரம் பேசி 2014இல் அதே 12 கிழமைக்கு 900 டொலருக்கு எடுத்தது. பதிவு செய்ய இணையத்தளம் திறந்ததும் முதல் நாட்களிலேயே இலட்சக்கணக்கானோர் வந்தார்கள். "சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அதுவரை சொன்னவர்களுக்கு இது நல்ல பதில். பிறகு உள்ளூர்க் கம்பனிகளே மருந்தைச் செய்தன, விலை 100 டொலருக்கும் கீழே வந்தது.

தெரிந்தவர்கள் வந்து முடிந்தபின் தெரியாதவர்களைத் தேடவேண்டியிருந்தது. 2018 ஒக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை, "100 மில்லியன் ஆரோக்கிய வாழ்வு" என்ற பெயரில், வளர்ந்தவர்கள் எல்லோரையும் இலவசமாகப் பரிசோதிக்க அழைத்தார்கள். ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வந்தார்கள். இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் ஒன்று. சியை மட்டும் தனியே பார்க்கவில்லை. சீனி, பிரஷர், உடல் நிறை எல்லாவற்றையும் அதே மேசையில் பார்த்தார்கள். "அவர் ஏன் அந்த வரிசையில நிக்கிறார்?" என்று யாரும் கேட்க இடமில்லை. இருக்கிறதென்று வந்தவர்களுக்கு மருந்தும் இலவசம். 2023இல் உலக சுகாதார நிறுவனம், சியை ஒழிக்கும் பாதையில் "தங்கத் தரம்" எட்டிய முதல் நாடாக எகிப்தை அறிவித்தது.

முதல் இயக்கமும் இரண்டாவது இயக்கமும் ஒரே அரசின் கையால் நடந்தவை. இரண்டிலும் சனம் வந்தது. மாறினது சனமல்ல, அவர்களுக்குக் கிடைத்தது.

இனி எங்கள் பக்கம்

எகிப்துக்காரருக்கு நடந்த வளைகுடா மெடிக்கல் கதை இங்கேயும் நடப்பதுதான். வேலைக்குப் போக விண்ணப்பிப்பவர்களுக்கு அந்நாடுகள் பியும் சியும் பார்க்கின்றன. இருந்தால் விசா இல்லை. ஒருவருக்குத் தன் நோய் பற்றிக் கிடைக்கும் முதல் செய்தி "அன்பிட்" என்ற ஒரு சொல்லாக இருந்தால், அவர் அதை நோயாக விளங்கிக்கொள்ளமாட்டார், தோல்வியாக விளங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து ஒளிப்பார். அந்தத் தாளோடு அடுத்து எந்த கிளினிக்குக்குப் போகவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினால் அதே பரிசோதனை ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இரண்டாவது, தட்டு. செங்கமாரி என்றதும் தட்டு, கோப்பை, படுக்கை எல்லாம் வேறாகும். ஏ வந்தவரோடு கை கழுவுவதில் கவனமாக இருப்பது நியாயம். பியும் சியும் சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே கதிரையில் இருப்பதால் வராது. சவர அலகு, பல்துலக்கி, ஊசி இவற்றைப் பகிரக்கூடாது. அவ்வளவுதான். ஒரே பெயரில் எல்லாவற்றையும் அழைப்பதால், ஒரு நோய்க்குரிய எச்சரிக்கை மற்ற நோயாளியைத் தனிமைப்படுத்துகிறது.

மூன்றாவது, "கை கழுவுங்கோ, கொதிச்சாறின தண்ணி குடியுங்கோ" என்ற போஸ்டர். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் எங்கள் சனத்தை அடைத்து வைத்திருந்தபோது அங்கே ஹெபடைட்டிஸ் ஏ பரவியது. அந்தச் சனத்துக்குக் கை கழுவத் தெரியாமலா? தண்ணீரும் மலசலகூடமும் போதாத இடத்தில் அறிவுரைக்கு என்ன பெறுமதி?

நல்ல பக்கமும் உண்டு. இலங்கையில் பி ஒப்பீட்டளவில் குறைவு. 2003இல் பித் தடுப்பூசியைத் தேசிய நிகழ்ச்சித் திட்டத்தில் சேர்த்தார்கள், அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. இரத்ததான முகாமில் நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பைக் குருதியையும் இரத்த வங்கி பிக்கும் சிக்கும் சோதிக்கிறது. அங்கேயிருந்து ஒரு கடிதமோ அழைப்போ வந்தால் பயந்து ஒளிக்கவேண்டாம். அது சரியான நேரத்தில் கிடைத்த தகவல். சிக்கு முற்றாக மாற்றும் குளிசை இருக்கிறது. பியை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் தேவைப்படுபவர்கள் தினம் ஒரு குளிசை எடுத்து ஈரலைக் கனகாலம் காப்பாற்றலாம். கர்ப்பிணித் தாய்க்குப் பி இருந்தால், பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் போடும் தடுப்பூசி அந்தத் தொடரை அறுக்கும்.

2003க்கு முன் பிறந்த எங்களில் பலருக்குக் குழந்தையில் அந்தத் தடுப்பூசி கிடைக்கவில்லை. அம்மாவிடம் கிளினிக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு தரம் பரிசோதித்து, மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். அதேவேளை, யாராவது "கண் மஞ்சளா இருக்கு" என்று வந்தால் கீழ்க்காய்நெல்லியைப் பற்றி அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். "எந்தச் செங்கமாரி எண்டு பாத்தீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். மருத்துவ உலகம் அந்தக் கேள்விக்கு வந்து சேர அறுபது, எழுபது வருடம் எடுத்தது. எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஒரு சிறு குழாய்க் குருதி போதும்.